சொட்டு போட்டாச்சா

1

எதைக் கலந்தாலும் எண் நகரவில்லை.

இந்த வாக்கியத்தோடுதான் கதையைத் தொடங்குவது என்று முடிவெடுக்க எனக்கு வெகு நாளாயிற்று. எந்த எண், யார் கலந்தார்கள், நகராவிட்டால் யார் குடி முழுகிப்போகும் என்றெல்லாம் கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதிலுள்ள ஓட்டைகளுக்கெல்லாம் நான் பொறுப்பாகிவிடுவேன்.

இதை நான் வாயைப் பிளந்தபடி கேட்டேன். வியப்பினால் அல்ல. கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. எங்கள் தெருமுனைக்குப் புதிதாக வந்திருக்கும் பல் டாக்டருக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. அவர் மனைவி பாலிமர் செய்யும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். மனைவியின் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் துளைக்கும் கருவியின் சத்தத்தையும் மீறிப் பேசுவார். குறுக்கே கேள்வி கேட்க எனக்கு வழியில்லை. "ஆ" என்று மட்டும் சொல்லலாம். அதை அவர் "மேலே சொல்லுங்கள்" என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவே அவர் விட்ட இடங்களை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். எது அவருடையது, எது என்னுடையது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். சொல்ல மறந்த இடங்களில் பெரிய மனது பண்ணி நம்பிவிடுங்கள்.

2

முதல் வரைவு இப்படிப் போனது:

"சன்னல் வழியே விழுந்த காலை வெயிலில் அவள் அந்தக் குப்பியைத் தூக்கிப் பிடித்து"

[நிறுத்திவிட்டேன். அந்த ஆய்வகத்துக்குச் சன்னலே கிடையாது. அவர்கள் செய்யும் பிசின் வெயில் பட்டால் இறுகிவிடும் ரகம். அதனால் அறை முழுக்க மஞ்சள் விளக்கு. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் காமாலை வந்தவர்கள்போல இருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். வெயிலை அழித்தேன்.]

இரண்டாவது வரைவு தேறியது. அது இதோ:

பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். யாராவது வந்து உட்காருவார்கள், மூக்கைச் சுருக்குவார்கள், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள்போல எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவள் குளித்து, துவைத்த உடை போட்டு, வாசனைத் திரவியமும் அடித்துக்கொண்டுதான் வருவாள். ஆனாலும் கந்தகச் சேர்மங்களின் நாற்றம் இருக்கிறதே, அது பூண்டும் அழுகிய முட்டையும் கைகோத்துக்கொண்டு வருவது மாதிரி. முடியிலும் நகக்கண்ணிலும் குடியேறிவிட்டால் காலி செய்யாது. ஆய்வகத்தில் அவளுக்குக் கந்தகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொண்டாள். தொலைபேசியிலேயே "கந்தகம் பேசுறேன்" என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். "க்ளினிக்ல இருந்து வந்தப்புறமும் மாஸ்க் போட்டுக்கிற ஒரே டாக்டர் நான்தான் சார்" என்று அவள் கணவர் என் வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே சொன்னார்.

[இந்தக் கதையில் ஆட்களுக்கு வேறு பெயர் இல்லை. டாக்டர் எல்லோரையும் பட்டப்பெயராலேயே சொன்னார். உண்மைப் பெயர் என்னவென்று நான் கேட்டேன். "ஆ" என்றுதான் வந்தது.]

3

இப்போது அந்த எண்.

ஒளி வெற்றிடத்தில் ஓடும் வேகத்தில் ஒரு பொருளுக்குள் ஓடுவதில்லை. எத்தனை மடங்கு மெதுவாகிறதோ அதுதான் அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு 1.33. சாதாரணப் பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் ஏறக்குறைய 1.5. வைரத்துக்கு 2.4. எண் கூடக் கூட ஒளி அதிகமாக வளையும்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? உங்கள் கைப்பேசித் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தானே ஒளிரும் திரை என்றால், ஒளி பிறப்பது உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்கு ஒன்றில். அந்த அடுக்கின் எண் 1.75 வாக்கில். அதற்கு மேலே இருக்கும் கண்ணாடி 1.5. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்குப் போகும்போது ஒளிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: நேராக வந்தால் வெளியே போகும், சாய்ந்து வந்தால் வாசலில் முட்டித் திரும்பிவிடும். நீச்சல் குளத்தின் அடியிலிருந்து மேலே சாய்வாகப் பார்த்தால் வானம் தெரியாமல் குளத்தின் தரையே தெரியுமே, அதே சங்கதி. இப்படித் திரையில் பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி வெளியே வராமல் உள்ளேயே அலைந்து வீணாகிறது. நீங்கள் பேட்டரியைத் திட்டுகிறீர்கள்.

நடுவில் 1.75-ஐத் தாண்டிய ஒரு பாலிமர் படலத்தை ஒட்டினால் ஒளி முட்டாமல் அதற்குள் ஏறிவிடும். படலத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்துவிட்டால் அங்கிருந்து வெளியே சிதறிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பாலிமர்கள் பிறவியிலேயே 1.5-ஐ ஒட்டி நிற்பவை. அவற்றைப் பிடித்து 1.75-க்கு மேல் ஏற்றுவது குதிரைக்கொம்பு.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, பாலிமர் சங்கிலிக்குள்ளேயே கந்தகத்தைக் கோப்பது. இது நம் கந்தகத்தின் வழி. இன்னொன்று, எண் பெரிதாக இருக்கும் ஏதாவது ஒரு பொடியை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கி, சாதாரணப் பிசினில் கலப்பது. இது அவளுடன் வேலை செய்யும் இன்னொரு வேதியியலாளரின் வழி. அவருக்கு மஃப்ளர் என்று பெயர். "உங்க பல்லுக்கு மேல கேப் போடப் போறேன்ல, சிர்கோனியா? அதே சாமான்தான் சார் அவரோட பொடி" என்றார் டாக்டர். அந்தக் கணத்தில் இந்தக் கதையோடு எனக்கு ஒரு பல்லளவு உறவு ஏற்பட்டுவிட்டது.

இரண்டு பேரும் படிப்படியாக ஏறினார்கள். 1.68. 1.70. 1.72. பிறகு 1.74. அங்கே நின்றுவிட்டது. கந்தகம் கந்தகத்தைக் கூட்டினாள், 1.74. சங்கிலியையே மாற்றினாள், 1.74. மஃப்ளர் பொடியைக் கூட்டினார், 1.74. புதுப் பொடி வாங்கினார், 1.74. சுவரில் தலையை முட்டிக்கொள்வதுபோல இருந்தது இருவருக்கும். வேறு வேறு தெருவில் போனவர்கள் எப்படி ஒரே சுவரில் போய் முட்டினார்கள் என்று மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.*

* எனக்கும் தோன்றவில்லை. வாயில் மூன்று கருவிகள் இருந்தன.

4

இங்கே ஒரு கதாசிரியனாக நான் கவலைப்பட ஆரம்பித்தேன். எண் நகராவிட்டால் என்ன கெட்டுவிட்டது? ஆய்வகத்தில் எத்தனையோ எண்கள் நகர்வதில்லை. அடுத்த சந்திப்பில் டாக்டர் தானாகவே சொன்னார்.

கந்தகமும் டாக்டரும் கல்யாணமான நாளிலிருந்து வேறு வேறு ஊரில் இருந்தவர்கள். அவளுக்கு இந்த ஊரில் ஆய்வகம். அவருக்கு வேறொரு ஊரில், ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை ரயிலில் குடும்பம் நடத்தினார்கள். கடைசியில் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சொந்தமாகக் க்ளினிக் போட்டார். பல் வைத்தியம் பார்க்கும் நாற்காலி இருக்கிறதே, அது நாற்காலி இல்லை. ஒரு சின்னக் கட்டடம். தரையைத் தோண்டித் தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் பதித்து, அதன் மேல் நட்டுப் போட்டு முடுக்குவார்கள். அதை முடுக்கி முடித்த அதே வாரம் ஆய்வக மேலாளர் கந்தகத்தையும் மஃப்ளரையும் கூப்பிட்டார்.

மேலாளர் கண்டிப்பானவர், ஆனால் சுற்றி வளைக்காதவர். இரண்டு வழியில் இழுத்துக்கொண்டிருக்க முடியாது, அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் யாருடைய எண் கூடுதலோ அவர் தொடரட்டும், மற்றவர் பசைப் பிரிவுக்குப் போகட்டும் என்றார். பசைப் பிரிவு, டாக்டர் விட்டுவிட்டு வந்த ஊரைவிடவும் தூரத்தில் ஓர் ஊரில் இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினாராம். அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

"இப்போ யாரோட எண் கூட?"

"என்னோடது. மூணாவது தசமத்துல."

"அப்போ சரி" என்று மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் அம்மா தொலைபேசியில் அப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை உனக்காக உத்தியோகத்தை உதறிவிட்டு வந்திருக்கிறார், நீ ஒட்டுகிற வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பிரித்துவிடாதே என்றார். பசைப் பிரிவைப் பற்றி அதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆக, மூன்றாவது தசமத்தில் ஒரு குடித்தனம் தொங்கிக்கொண்டிருந்தது. கந்தகத்தின் படலங்கள் 1.742 காட்டின. மஃப்ளருடையவை 1.738. இடையில் இருந்த அந்த 0.004-ஐ நம்பித்தான் அவள் இரவில் தூங்கினாள்.

5

மஃப்ளரைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. நான் எழுதிய ஒரு வரைவில் அவர் வில்லன்:

"அவள் இல்லாத நேரம் பார்த்து மஃப்ளர் அறைக்குள் நுழைந்தார். அவர் கண்கள் குளிர்சாதனத்தின் ரிமோட்டைத் தேடின. உதட்டோரம் ஒரு"

[விட்டுவிட்டேன். உதட்டோரம் ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் மூக்கில்தான். சைனஸ்.]

உண்மை இதுதான். ஆய்வகத்தில் ஒளிவிலகல் மானி ஒன்றே ஒன்று. காலையில் கந்தகம் அளப்பாள். மதியம் மஃப்ளர் அளப்பார். காலை முழுவதும் அவள் பிசினை வேகவைக்கும் அடுப்பின் பக்கத்தில், தடித்த அங்கியும் முழங்கை வரை கையுறையுமாக நிற்பதால் வியர்த்துக் கொட்டும். குளிர்சாதனத்தை இருபதில் வைப்பாள். மதியம் அவர் உள்ளே வந்ததும் ஒரு தும்மல். ரிமோட்டை எடுத்து இருபத்தாறில் வைப்பார். அப்படியும் குளிருகிறது என்று கழுத்தில் கம்பளி மஃப்ளர். பகலில், கட்டடத்துக்குள், வருடம் முழுவதும். வில்லனாக முடியாத மனிதர். வில்லன் தும்மிக்கொண்டே இருந்தால் யார் பயப்படுவார்கள்?

ஒருநாள் தன்னுடைய படலம் ஒன்றை அவள் மானியின் பக்கத்திலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். மஃப்ளர் சும்மா இருக்காமல் அதையும் அளந்துவைத்தார். 1.738 வந்தது. காலையில் அதே படலம் 1.742.

அவள் அவருக்குச் சரியாக அளக்கத் தெரியவில்லை என்றாள், மரியாதையாக. அவர் அவளுடைய படலம் கெட்டுப்போகிறது, மதியத்துக்குள் எண் இறங்குகிறதென்றால் கடைக்குப் போவதற்குள் என்ன ஆகும் என்றார், அதைவிட மரியாதையாக. "மேடம்", "சார்" என்ற சொற்கள் இருவர் வாயிலும் அன்று மிகக் கனமாக விழுந்தன. கடைசியில், நாளைக்கு உச்சிப்பொழுதில் இருவரும் சேர்ந்தே நின்று ஒரே படலத்தை அளப்பது என்று ஒப்பந்தம்.

6

அளப்பது எப்படி என்று சொல்லிவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

மானிக்குள் ஒரு கண்ணாடி முப்பட்டகம் இருக்கிறது. நகத்துண்டு அளவுக்கு வெட்டிய படலத்தை அதன் மேல் வைக்க வேண்டும். ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் இரண்டுக்கும் இடையில் மெல்லிய காற்று நின்றுவிடும். காற்று இருந்தால் ஒளி ஒழுங்காகக் கடக்காது. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சொட்டுத் திரவம். அதன் மேல் படலம், அதன் மேல் இன்னொரு சொட்டு, மேலே மூடி. பிறகு கண்வில்லையில் பார்த்தால் பாதி வெளிச்சம், பாதி இருட்டு, நடுவில் ஒரு கோடு. கோடு எங்கே விழுகிறதோ அங்கே எண்.

அந்தத் திரவத்துக்கு வேதியியல் பெயர் ஒன்று உண்டு. யாரும் சொல்வதில்லை. வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும் என்று குப்பியைத் தாளில் சுற்றிவைத்திருப்பார்கள். அதனால் அதன் மேல் எழுதியிருப்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த அறையில் அதற்குச் "சொட்டு" என்றுதான் பெயர். "சொட்டு போட்டாச்சா?" "போட்டாச்சு." ஒரு பொருளுக்கு நாம் வைக்கும் பெயர், அதன் அளவை மட்டும் சொல்லி ஆளை மறைத்துவிடுவது உண்டு. சொட்டு என்று சொல்லிச் சொல்லியே, அதுவும் ஒரு பொருள், அதற்கும் ஓர் எண் இருக்கும் என்பதை அந்த அறையே மறந்துபோயிருந்தது.

உச்சிப்பொழுதில் இருவரும் நின்றார்கள். முதல் பிரச்சினை ரிமோட். இருபதா, இருபத்தாறா? அவள் கையில் சாமணம், சாமணத்தில் படலம். அவர் கையில் ரிமோட்.

"இருபத்தாறு மனுஷன் இருக்கிற சூடு மேடம்."

"இருபதுலயும் மனுஷங்கதான் சார் இருக்காங்க. நான் இருக்கேன்ல."

"நீங்க கந்தகம். எரிமலைலேயே இருப்பீங்க."

கடைசியில் இருபத்துமூன்று என்று முடிவாயிற்று. இந்த இழுபறியில் அவள் இடது கையால் சொட்டைப் போட்டாள், வலது கையால் படலத்தை வைத்தாள், மறுபடி சொட்டு, மூடினாள், குனிந்து பார்த்தாள். 1.740. இருவருக்கும் பொதுவாக, நடுவில்.

"பாருங்க சார், ஏழு நாலு பூஜ்யம்."

அவர் குனிந்து கண்வில்லையில் கண்ணை வைத்தார். கோடு இன்றைக்கு வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். அவர் குனிந்தபோது அவர் தோளில் கிடந்த மஃப்ளர் அவள் கண்ணுக்கு நேரே வந்தது. கம்பளியில், மஞ்சள் விளக்கில் மினுக்கிக்கொண்டு, நகத்துண்டு அளவில் ஒரு படலம் ஒட்டியிருந்தது.

காய்ந்த குளிர்காற்றில் கம்பளி மெல்லிய பிளாஸ்டிக்கை இழுத்துக்கொள்ளும். சாமணத்திலிருந்து எப்போது தாவியது என்று இருவரும் கவனிக்கவில்லை. அவள் வைத்தது காற்றை. அவர் பாராட்டிக்கொண்டிருந்தது வெறும் சொட்டை.

ஆனால் எண் அதே 1.740.

7

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். ஏனென்றால் மஃப்ளர் இன்னும் கண்வில்லையில்தான் இருக்கிறார். அவருக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும்.

அவளுக்கு என்னென்ன தெரியும் என்று வரிசையாகச் சொல்கிறேன், அவள் மனதில் அது ஒரே மூச்சில் வந்திருந்தாலும். ஒளி படலம், சொட்டு, முப்பட்டகம் என்று மூன்று வாசல்களைக் கடந்து வருகிறது. மூன்றில் எது குள்ளமான வாசலோ அதுதான் எல்லோர் தலையிலும் இடிக்கும். மானி காட்டுவது அந்த வாசலின் உயரத்தை. படலம் 1.72 ஆக இருந்தவரை அதுதான் குள்ளம். எண் சரியாக வந்தது. படலம் வளர்ந்து சொட்டைத் தாண்டிய நாளிலிருந்து குள்ளம் சொட்டு. அதன் பிறகு எதைக் கலந்தாலும் மானி சொட்டின் உயரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. திரவங்களின் எண் சூட்டுக்குச் சட்டென்று இறங்கும், குளிருக்கு ஏறும். கெட்டியான பாலிமர் அவ்வளவு ஆடாது. ஆக, காலையில் 1.742, மதியம் 1.738, உச்சியில் 1.740. அவள் இத்தனை நாளும் நம்பித் தூங்கிய அந்த 0.004 அவளுடைய வேதியியல் அல்ல. குளிர்சாதனம்.

இரண்டு பேரும் 1.74-ஐ எப்போதோ தாண்டிவிட்டார்கள். எவ்வளவு தாண்டினார்கள், யார் அதிகம் தாண்டினார் என்று யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால், கூட்டத்தன்று காலையில் அளக்கும் அவளே ஜெயிப்பாள்.

மூன்று வழி இருப்பதாக எனக்குப் பட்டது.

அ. அவள் சத்தமில்லாமல் மஃப்ளரிலிருந்து படலத்தை எடுத்துவிடுகிறாள். தூசி தட்டுவதுபோல. இதை எழுதிப் பார்த்தேன். அவள் எடுத்தாள், பேருந்தில் போனாள், வீட்டுக்குப் போனாள், டாக்டர் "என்ன ஆச்சு?" என்றார், அவள்

[இதற்கு மேல் அவள் பேச மறுத்துவிட்டாள். ஒரு வேதியியலாளருக்குக் காரணம் பிடிபட்ட சந்தோஷத்தை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்வது, விக்கலை அடக்கச் சொல்வது மாதிரி. நான் எவ்வளவோ கெஞ்சியும் முடியவில்லை.]

ஆ. அவள் சொல்கிறாள், அவர் ஜெயிக்கிறார், அவள் பெட்டியைக் கட்டுகிறாள். அழகான சோகம். ஆனால் நாற்காலியைத் தரையில் முடுக்கிவிட்டு நோயாளிகளிடம் பேசிப் பேசிச் சந்தோஷமாக இருக்கும் ஒரு மனிதரை அழவைக்க எனக்குக் கை வரவில்லை. அப்போது அவர் கையில் என் பல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இ. நடந்தது. டாக்டர் சொன்னபடி:

"சார், அசையாதீங்க."

"ஏன், பூச்சியா?"

"ஃபிலிம்."

"எந்த ஃபிலிம்?"

"இப்போ நீங்க பாத்துக்கிட்டிருக்கிற ஃபிலிம்."

அவர் மெல்ல நிமிர்ந்தார். தோளைப் பார்த்தார். மானியைப் பார்த்தார். மறுபடி தோளைப் பார்த்தார். மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தார். விரலில் சொட்டு ஒட்டியது. அந்த விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்:

"அப்போ ரிமோட்டுக்காக நாம போட்ட சண்டைதான் மேடம், நிஜமா நடந்த ஒரே பரிசோதனை."

8

அடுத்த வேலை, பெரிய எண்ணுள்ள சொட்டு. அதற்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. அதே திரவத்தில் கந்தகத் தூளைக் கரைகிற மட்டும் கரைத்தால் அதன் எண் 1.78-க்கு ஏறிவிடும். வடிகட்டிக்கொண்டிருந்தபோது மஃப்ளர், உங்களைக் கரைத்தால்தான் இந்த அறையில் எதுவும் நடக்கும்போல என்றார். அன்று அவர் தும்மவில்லை. அவள் குளிர்சாதனத்தை அவளாகவே இருபத்தாறில் வைத்திருந்தாள்.

புதுச் சொட்டில் அளந்தார்கள். அவள் படலம் 1.757. அவருடையது 1.763.

இரண்டும் 1.75-ஐத் தாண்டிவிட்டன. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம்; குதிக்கவும் செய்தார்கள், அவள் ஒரு நொடி தாமதமாக. அவர் எண்தான் கூடுதல்.

வீட்டில் அன்று அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டாக்டர் மறுபடியும் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"நாற்காலியைக் கழட்டச் சொல்லிரட்டுமா?"

"நட்டு என்ன சைஸ்?"

"பெரிசு."

"அப்போ நாளைக்குப் பாக்கலாம்" என்று அவள் அவர் முகக்கவசத்தை அவர் காதில் மாட்டிவிட்டாளாம்.

மறுநாள் அவள் பெட்டி கட்டவில்லை. மஃப்ளரின் படலத்தை வெள்ளைச் சுவருக்கு முன் அல்ல, கறுப்புத் துணிக்கு முன் பிடித்துப் பார்த்தாள். எதிர்பார்த்தபடி லேசாகப் பால் கலந்ததுபோல இருந்தது. பொடிக்கும் பிசினுக்கும் எண்ணில் இடைவெளி பெரிது. இடைவெளி பெரிதானால் ஒவ்வொரு துகளும் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும், திரை மங்கிவிடும். அவளுடைய படலமோ தண்ணீர்போலத் தெளிவு, எண்தான் கொஞ்சம் குறைவு. கண்ணாடிக் குச்சியைச் சமையல் எண்ணெயில் விட்டால் குச்சியே மறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். அப்படியானால் அவருடைய பொடியைச் சாதாரணப் பிசினில் போடாமல், எண் கூடிய அவளுடைய கந்தகப் பிசினில் போட்டால்?

இதை அவள் சொல்ல வாயெடுக்கும்போதே மஃப்ளர் ஒரு கரண்டிப் பொடியோடு அவள் மேசைக்கு வந்துவிட்டார். அவரும் இரவு தூங்கவில்லைபோல. அவருக்கும் வீடு வாசல் உண்டு என்பதை நான் இதுவரை எழுதாமல் விட்டது கதையின் கோளாறு, அவருடையது அல்ல.

9

கடைசிச் சந்திப்பு. கேப் பொருத்தும் நாள். டாக்டர் இதைத்தான் சொன்னார்:

இருவரும் சேர்ந்து செய்த படலம் தெளிவாக இருந்தது. பால் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று மேலாளரே மானியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கந்தகம் புதுச் சொட்டைப் போட்டு, படலத்தை வைத்து, அது உள்ளே இருக்கிறதா என்று இருமுறை பார்த்து, மூடினாள். 1.78.

மேலாளர் முகம் மலர்ந்தது. மஃப்ளரும் கந்தகமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மூடியைத் திறந்து, படலத்தை எடுத்துவிட்டு, வெறும் சொட்டை மட்டும் விட்டு மறுபடி மூடி அளந்தாள். 1.78.

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். மஃப்ளர் சிரிப்பில் தும்மினார். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சிரிப்பு? இதோட எண் என்ன?"

"தெரியாது மேடம்" என்றாள் கந்தகம். "சொட்டைவிடப் பெரிசு."

"இது யாரோட ஃபிலிம்?"

அதற்கு இருவரும் என்ன பதில் சொன்னார்கள், மேலாளர் என்ன முடிவெடுத்தார் என்பதைச் சொல்வதற்குள் டாக்டர் என் பல்லில் கேப்பை அழுத்திப் பொருத்தி, "கடிச்சுப் பாருங்க" என்றார். கடித்தேன். சரியாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் சார், இனிமேல் வரவேண்டாம், அடுத்தவரைக் கூப்பிடுங்கள் என்றார். துரதிர்ஷ்டவசமாக என் மற்ற பற்களெல்லாம் நன்றாக இருக்கின்றன.

நான் வெளியே வந்து வெகுநேரம் அந்தப் படியில் நின்றேன். உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுதுவதுதான் என் வேலை என்று தோன்றியது. எழுதிப் பார்த்தபோது அதுவும் என் வேலை இல்லை என்று தோன்றியது. ஒருவர் போதும் என்று சொன்ன மேலாளரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் முன்னால் ஒரு படலம் இருக்கிறது. அதில் பாதி கந்தகத்தினுடையது, பாதி மஃப்ளருடையது. பிரித்தெடுக்க முடியாதபடி இறுகிவிட்டது. அதன் எண் இன்னும் யாருக்கும் தெரியாது. யாரைப் பசைப் பிரிவுக்கு அனுப்பப் போகிறீர்கள், அல்லது யாரையும் அனுப்பப்போவதில்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எண் நகராமல் நின்றதே, அந்தச் சிக்கலுக்குத் தீர்வு மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விடக்கூடியது அல்ல. அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். படலத்தை வைக்காமல் சொட்டை மட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். படலத்தோடு வந்த அதே எண் வந்தால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது சொட்டைத்தான். படலத்தைவிடப் பெரிய எண்ணுள்ள சொட்டுக்கு மாறுங்கள். எண் நகரும்.